நீலப் பூச்சாண்டி

போன ஐப்பசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை விஷயமாக ராசிபுரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேர வேலைதான். தாமதத்துக்குக் காரணம் கரண்ட் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் தாத்தா பெயரைக் கடைசி நிமிஷத்தில் மாற்றச் சொன்னதும் இல்லை. கடையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அதுதான் காரணம்.

பழைய கம்ப்யூட்டரில் பதினைந்து வருஷமாகத் தமிழ் அடித்துக்கொண்டிருந்த இலவச மென்பொருள் புதியதில் இல்லை. ஆபரேட்டர் பெண் கெட்டிக்காரி. கண்ட தளத்துக்கும் போகாமல், அதைச் செய்தவரின் சொந்தத் தளத்துக்கே போய் இறக்கினாள். டபுள் கிளிக் பண்ணினாள். அவ்வளவுதான், பாதித் திரையை மறைத்துக்கொண்டு நீலமாக ஒரு பலகை வந்து நின்றது.

"அண்ணா, வைரஸ்னு வருதுங்க."

"வைரஸா? மூடு மூடு! போன மாசந்தான் முப்பத்தெட்டாயிரம் குடுத்து எடுத்திருக்குது."

எட்டிப் பார்த்தேன். அந்தப் பலகையில் வைரஸ் என்ற வார்த்தையே இல்லை. 'இந்தப் புரோகிராமை எனக்கு அடையாளம் தெரியவில்லை, ஓட்டினால் ஆபத்து வரலாம்' என்கிற மாதிரி இங்கிலீஷில் இரண்டு வரி. கீழே ஒரே ஒரு பொத்தான்: ஓட்டாதே. நான் விளக்கிச் சொல்லப் பார்த்தேன். கடைக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "இருக்கட்டுங்க, நம்ம சித்தப்பா பையன் சேலத்துல இருக்கான், வந்து போட்டுக் குடுத்துருவான்" என்றார்.

பையன் பைக்கில் வந்தான். கையில் பென் டிரைவ். பக்கம் அமைக்கிற மென்பொருள், படம் திருத்துகிற மென்பொருள், இன்னும் ஏதோ ஒன்று எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டான். எல்லாம் கிராக். போடுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை நிறுத்தினான். "ஆஃப் பண்ணித்தானுங்க ஆகணும், இல்லாட்டி கிராக்கைத் தூக்கி அழிச்சுப்போடும்" என்றான் என்னிடம், வைத்தியர் மாதிரி. கடைசியாக அந்தத் தமிழ் மென்பொருளையும் அதே பென் டிரைவிலிருந்து போட்டான். எங்கே எடுத்ததப்பா என்றேன். "நெட்லதானுங்க, எங்கியோ." நீலப் பலகை ஒரு தடவைகூட வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஊர் பேர் தெரியாதவன் பூட்டை உடைத்துக் கொடுத்த சரக்கு ஆரத்தி எடுக்காத குறையாக உள்ளே போகிறது. செய்தவர் தன் பெயரைப் போட்டு, இலவசமாக, தன் தளத்திலேயே வைத்திருக்கிற சரக்கு திருடன் என்று வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. பத்திரிகை அச்சாகிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை.

முதலில் அந்த நீலப் பலகை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அதற்கு ஸ்மார்ட்ஸ்கிரீன் என்று பெயர். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஆரம்பித்து, 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் விண்டோஸுக்குள்ளேயே குடியேறிவிட்டது. அது முக்கியமாக இரண்டு கேள்வி கேட்கிறது. இந்த ஃபைலில் ஏதாவது கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா? இதே ஃபைலை இதற்கு முன் நிறையப் பேர் இறக்கிச் சேதம் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்களா? தெரிந்த கெட்டவர்களின் பட்டியலில் இருந்தால் கதையே வேறு, அப்போது வருவது வேறு எச்சரிக்கை. நல்ல பட்டியலிலும் இல்லை, கெட்ட பட்டியலிலும் இல்லை என்றால் இந்த நீலப் பலகை வரும். அதாவது 'எனக்குத் தெரியாது' என்பதுதான் அதன் முழு அர்த்தம்.

நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். லாரிக்கு ஆர்.சி. புக் என்று ஒன்று உண்டு, எஃப்.சி. என்று ஒன்று உண்டு. ஆர்.சி. புக், வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும். எஃப்.சி., பிரேக் பிடிக்கிறதா, லைட் எரிகிறதா, ரோட்டில் ஓட லாயக்கா என்று பார்த்துத் தருவது. டிஜிட்டல் கையெழுத்து ஆர்.சி. புக் மட்டும்தான். இந்த மென்பொருளை இன்னார் வெளியிட்டார், வெளியிட்ட பிறகு யாரும் அதில் கை வைக்கவில்லை. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். பிரேக் பிடிக்குமா என்று அது சொல்லாது. யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஆனால் பலகையைப் பார்க்கிறவர் என்ன நினைக்கிறார்? எஃப்.சி.யில் ஃபெயிலான வண்டி என்று நினைக்கிறார். அப்படி நினைக்கட்டும் என்றுதான் அந்த வாசகமே எழுதப்பட்டிருக்கிறது என்று நான் சந்தேகப்படுகிறேன். 'அடையாளம் தெரியவில்லை' என்பதோடு நிறுத்தியிருக்கலாமே? 'எப்படியும் ஓட்டு' என்கிற பொத்தானை, 'மேலும் தகவல்' என்கிற சின்ன எழுத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்பானேன்?

ஆர்.சி. புக் வைத்திருப்பவன் யோக்கியன் என்று அர்த்தமா? 2010ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் யுரேனியம் செறிவூட்டும் கூடத்தைத் தாக்கப் பயன்பட்ட புழு, ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் கம்பெனிகளின் கையெழுத்தோடு ஜம்மென்று வந்தது. சாவியைத் திருடிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2017ல் சிகிளீனர் என்ற மென்பொருளை இறக்கிய இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, கம்பெனியின் அசல் கையெழுத்தோடேயே விஷம் போய்ச் சேர்ந்தது. 2020ல் சோலார்விண்ட்ஸ். அமெரிக்க அரசாங்க இலாகாக்களுக்குள்ளேயே, முறையான கையெழுத்தோடு, அப்டேட் என்கிற பெயரில் உளவாளி நுழைந்தான். கையெழுத்தைச் சோதிக்கிற எந்தப் பலகையும் இவற்றில் எதையும் நிறுத்தியிருக்க முடியாது. புக் எல்லாம் சரியாக இருந்ததே!

கையெழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் விலையைப் பற்றித்தான் சொல்லவருகிறேன். மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடும் சான்றிதழுக்குத் தனியார் கம்பெனிகள் வருஷத்துக்குச் சில நூறு டாலர் வரை வாங்குகின்றன. 2023 ஜூனிலிருந்து அந்தச் சாவியைக் கம்ப்யூட்டரில் சும்மா வைத்திருக்கவும் கூடாது, அதற்கென்று உள்ள வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்று விதி. சாவி திருட்டுக்குப் பயந்து செய்தது, நியாயம்தான். நம் ஊர் ஆடிட்டர் ஆபீஸ்களில் ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு டி.எஸ்.சி. டோக்கன் கட்டைவிரல் அளவில் கிடக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பெரிய கம்பெனிக்கு இது டீச் செலவு. மாலையில் வேலை விட்டு வந்து, குழந்தை தூங்கினபிறகு உட்கார்ந்து, பத்துப் பைசா வாங்காமல் மென்பொருள் எழுதித் தருகிறவனுக்கு? கொடுக்கிறதும் இலவசம், கொடுப்பதற்குக் கப்பமும் கட்ட வேண்டும்.

சரி, கட்டவில்லை. நிறையப் பேர் இறக்கினால் நற்பெயர் தானாகச் சேருமே என்பார்கள். சேரும். ஆனால் கையெழுத்து இல்லாத ஃபைலுக்கு அந்த நற்பெயர் ஃபைலோடு ஒட்டியது, ஆளோடு அல்ல. ஒரு சின்னத் தப்பைத் திருத்திப் புதுப் பதிப்பு விட்டால் அது வேறு ஃபைல். மறுபடி பூஜ்யம், மறுபடி நீலம். பாதுகாப்பு ஓட்டையை அடைத்துப் புதுசு விடுகிறவனுக்குத் தண்டனை, ஓட்டையோடு பழசை அப்படியே விட்டுவைக்கிறவனுக்குப் பரிசு. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பென் டிரைவில் வந்தபோது ஏன் பலகை வரவில்லை? நெட்டிலிருந்து நேராக இறங்குகிற ஃபைலின் முதுகில் பிரவுசர் 'இது வெளியிலிருந்து வந்தது' என்று ஒரு சீட்டு ஒட்டும். ஸ்மார்ட்ஸ்கிரீன் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறது. சாதாரணப் பென் டிரைவ்களின் ஃபைல் அமைப்பில் அந்தச் சீட்டை ஒட்டிவைக்க இடமே கிடையாது, உதிர்ந்துவிடும். ஆக, அசல் இடத்திலிருந்து நேரே வாங்கினால் கேள்வி, நாலு கை மாறிப் பென் டிரைவில் வந்தால் கேள்வி இல்லை. (வைரஸ் சோதனை தனியாக நடக்கும். அதைத்தான் நம்ம பையன் நிறுத்திவிட்டானே.) சேலத்திலும் நாமக்கல்லிலும் டி.டி.பி. கடை, ஃப்ளெக்ஸ் கடை, ஸ்டூடியோ வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், வைரஸ் எதில் வந்தது என்று. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறின கதையை ஒவ்வொருவரும் சொல்வார்கள். எல்லாம் கஸ்டமர் கொண்டுவந்த பென் டிரைவ்.

தமிழ் மென்பொருளுக்கு இதில் ஒரு தனிச் சோதனை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழ் அடிக்கிற மென்பொருள் என்ன செய்கிறது? நீங்கள் விசையைத் தட்டினதும், அது வேர்டுக்கோ பிரவுசருக்கோ போய்ச் சேருமுன் நடுவழியில் மறித்து, 'அ'வா, 'ம்'மா, 'மா'வா என்று பார்த்து, மாற்றி அனுப்புகிறது. எந்த மென்பொருளில் அடித்தாலும் இது வேலை செய்ய வேண்டும் என்றால், எல்லா விசையையும் எப்போதும் கவனித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். இப்போது, உங்கள் பாங்க் பாஸ்வேர்டைத் திருடுகிற வேவு மென்பொருள் என்ன செய்கிறது? அதேதான்! எல்லா விசையையும் நடுவழியில் பார்க்கிறது. ஒரே வித்தியாசம், பார்த்ததை எழுதிவைத்து எவனுக்கோ அனுப்புகிறது. இரண்டும் ஒரே கதவில் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. ஆன்டிவைரஸ் குழம்புவதில் ஆச்சரியம் இல்லை. இங்கிலீஷ்காரனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவனுக்கு விசையை மாற்ற அவசியம் இல்லையே. நமக்குத்தான் தாய்மொழியில் ஒரு கடுதாசி அடிப்பதற்கே வேவுக்காரன் நிற்கிற வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த வாசலில் நின்றவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985லேயே முரசு அஞ்சலைத் தொடங்கினார். 2000ல் விஸ்வநாதன் என்கிற தனி மனிதர் 'அழகி'யைக் கொண்டுவந்தார். பிற்பாடு அதை முழுக்க இலவசமாக்கினார். 'தமிழா' குழுவின் முகுந்த் 'எ-கலப்பை' தந்தார். ஒரு பதிப்பக நிறுவனம், நியூ ஹொரைசன் மீடியா, நாகராஜன் எழுதின என்.எச்.எம். ரைட்டரை இலவசமாகவே விட்டது. வலைப்பதிவு எழுதின ஒரு தலைமுறைத் தமிழர்கள் இந்த நாலில் ஏதோ ஒன்றில்தான் எழுதினார்கள். பெரிய கம்பெனிகள் வராமல் இல்லை. வந்தன. கூகுள் விண்டோஸுக்கென்று தந்த இன்புட் டூல்ஸைப் பிறகு கைவிட்டுவிட்டது. இன்னமும் நம் ஆட்கள் அதன் பழைய பதிப்பைத் தேடி எந்தெந்தத் தளத்திலோ அலைகிறார்கள், அங்கே அதோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருமோ. விண்டோஸ் 10க்குள்ளேயே ஒலிப்பு முறையில் தமிழ் அடிக்கும் விசைப்பலகை 2019ல் வந்தது. தனி மனிதர்கள் ஒரு புத்தாயிரத்தின் தொடக்கத்தில் செய்ததைச் செய்ய அவர்களுக்கு அத்தனை வருஷம் ஆனது. அதற்குள் அந்தத் தனி மனிதர்களின் மென்பொருளை 'அடையாளம் தெரியாதவர்' ஆக்கியாயிற்று.

கோபம் கம்பெனிகள் மேல் மட்டும்தானா என்று கேட்பீர்கள். இல்லை. நம்ம ஆட்கள் மேலும் உண்டு.

இலவசமாக எழுதித் தருகிறவர்களில் பலர் மூலநிரலைக் காட்டுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது, கையெழுத்தும் இல்லை, ஆனால் நம்ப வேண்டும். 'ஆன்டிவைரஸ் தடுத்தால் அதை அணைத்துவிட்டுப் போடுங்கள்' என்று சிலர் எழுதியே வைக்கிறார்கள். கிராக் விற்கிறவனும் அதையேதான் சொல்கிறான். அவனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியவேண்டாமா? ஆன்டிவைரஸ் தப்பாகப் பிடித்தால் அந்தக் கம்பெனிக்கே எழுதித் திருத்தச் சொல்ல வழி இருக்கிறது. அலுப்பான வேலை. ஆனால் செய்ய வேண்டிய வேலை. சோம்பலில் பயனாளியின் கதவைத் திறந்துவைக்கச் சொல்லக்கூடாது. திறந்த மூலம் என்றாலே பரிசுத்தம் என்று பஜனை பாடுகிறவர்களுக்கும் ஒன்று: 2024ல் எக்ஸ்.இஸட். என்கிற சின்ன நிரலில், லினக்ஸ் உலகம் முழுக்கப் பரவக்கூடிய கள்ளக்கதவை ஒருவன் வருஷக்கணக்கில் நல்லவனாக நடித்து வைத்துவிட்டான். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்கிற பொறியாளர், லாகின் ஆக அரை விநாடி அதிகமாகிறதே என்று நோண்டப் போய்க் கண்டுபிடித்தார். மூலநிரல் திறந்திருந்ததால்தான் நோண்ட முடிந்தது, அது வாஸ்தவம். ஆனால் அதிர்ஷ்டமும் இருந்தது.

அப்புறம் ஒத்துப்போகாமை. பழைய கம்ப்யூட்டரில் ஓடினது புதுசில் ஓடவில்லை என்றால் வைரஸ் என்று அர்த்தம் இல்லை. 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் புரோகிராம் ஓடவே ஓடாது, விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். சில பழைய மென்பொருள்களில் உள்ளே இருப்பது 32 பிட், அதை நிறுவுகிற செட்டப் மட்டும் 16 பிட். வண்டி ஓடும், ஆனால் ஷெட்டுக் கதவு திறக்காது. இன்னொன்று, நோட்பேடில் தமிழ் வருகிறது, குறிப்பிட்ட ஒரு மென்பொருளில் மட்டும் இங்கிலீஷாகவே வருகிறது என்று எனக்கே பலர் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த மென்பொருள் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடிக்கொண்டிருக்கும். விஸ்டா காலத்திலிருந்தே, கீழ்ப்படியில் ஓடுகிற புரோகிராம் மேல்படியில் இருப்பதன் விசைகளைத் தொடக்கூடாது என்று விதி. தமிழ் மென்பொருளையும் அதே உரிமையோடு ஓட்டினால் வந்துவிடும். நல்ல விதிதான், ஆனால் யாராவது ஒரு வரி சொல்லித் தொலைக்கலாமே!

டி.டி.பி. கடைகளின் பெரிய வியாதி இன்னும் பழசு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001ல் வந்தது. அதற்கு யூனிகோட் தெரியாது. அதனால் கடைக்காரர் பழைய ஃபான்ட்டை விட மாட்டார். ஃபான்ட்டுக்கு ஒரு விசை, மாற்றிக்கு ஒரு மென்பொருள், அதற்கு ஒரு கிராக் என்று கயிறு நீள்கிறது. தமிழக அரசு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அறிவித்து இத்தனை வருஷம் ஆகியும் ராசிபுரத்துக் கல்யாணப் பத்திரிகைக்கு அது வந்து சேரவில்லை.

அரசாங்கம் என்றதும் இன்னொரு ஞாபகம். 2022 பிப்ரவரி வாக்கில் வி.எல்.சி. பிளேயரின் அசல் தளத்தை இந்தியாவில் தடுத்துவிட்டார்கள். பிரான்சில் லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்துகிற, உலகமே பயன்படுத்துகிற இலவச மென்பொருள். பொதுவெளியில் அறிவிப்பும் இல்லை, அந்த அமைப்புக்கு விளக்கமும் இல்லை. வக்கீல் நோட்டீஸ் விட்டபிறகு நவம்பரில் தடை நீங்கியது. அந்த ஒன்பது மாசமும் மக்கள் வி.எல்.சி.யைப் பயன்படுத்தாமலா இருந்தார்கள்? அசல் தளம் திறக்காததால் கண்ட தளத்திலும் இறக்கியிருப்பார்கள். பாதுகாப்புக்காக நல்ல கிணற்றை மூடினார்கள், ஜனங்களைக் குட்டைக்கு அனுப்பினார்கள்.

நம் அரசே முத்திரை போட ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். 2014 ஜூலையில் தேசிய தகவல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து கூகுளின் பெயரிலேயே போலிச் சான்றிதழ்கள் வெளிவந்துவிட்டன. கூகுள் கண்டுபிடித்துச் சொல்ல, அந்தப் பிரிவின் அதிகாரத்தையே ரத்து செய்ய வேண்டி வந்தது. முத்திரைக்கட்டையை மேசைமேல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற வழக்கம் நமக்கு உண்டு.

இருந்தாலும் கேட்கிறேன். 2001லிருந்து தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் சென்னையில் கணித்தமிழ் மாநாடு மூன்று நாள் நடத்தினார்கள். 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். சொல்லித்தர ஆள் போடாததால் பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் 2006-07ல் எல்காட், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது, லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. ஆகவே மனம் இருந்தால் முடியும். கேட்பது சின்ன விஷயம்: தனியாட்கள் எழுதுகிற தமிழ் மென்பொருள்களின் மூலநிரலை வாங்கிப் படித்துப் பார், உன் மேற்பார்வையில் கட்டு, உன் செலவில் கையெழுத்துப் போட்டு உன் தளத்தில் வை. ஆர்.சி. புக்கோடு எஃப்.சி.யும் ஆயிற்று. வலைத்தளங்களுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் என்கிற அமைப்பு 2015லிருந்து இலவசமாகச் சான்றிதழ் தருகிறது, உலகம் முழுக்கப் பூட்டுக்குறி வந்துவிட்டது. திறமூல மென்பொருளுக்கு இலவசமாகக் கையெழுத்துப் போட்டுத் தரும் அமைப்பும் வெளிநாட்டில் உண்டு. தமிழுக்கு ஒன்று இருந்தால் என்ன? மாநாட்டுப் பந்தலுக்கு ஆகிற செலவில் எத்தனை வருஷச் சான்றிதழ் வாங்கலாம் என்று கணக்குப் போடுங்கள்.

அவசரம் ஏன் என்றால், கதவு இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 11ல் 2022ல் வந்த ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோலில், இயங்கிக்கொண்டிருக்கும்வரை 'எப்படியும் ஓட்டு' என்கிற பொத்தானே கிடையாது. ஆப்பிள் மேக்கில் 2019லிருந்து கம்பெனியிடம் அனுப்பிச் சரிபார்த்து வாங்க வேண்டும், வருஷம் 99 டாலர். 2024ல் வந்த பதிப்பில் ரைட் கிளிக் பண்ணித் திறக்கிற குறுக்குவழியையும் அடைத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டில், ஸ்டோருக்கு வெளியே ஆப் தருகிறவர்களும் கூகுளிடம் அடையாளம் காட்டிப் பதிந்தே ஆகவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் 2026 செப்டம்பரில் ஆரம்பித்து மற்ற நாடுகளுக்கு அப்புறம் என்று திட்டம். இலவச ஆப்களைத் திரட்டித் தரும் எஃப்-டிராய்ட் அலறினது. எதிர்ப்பு வந்தபிறகு, விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு சுற்றுவழி வைக்கிறோம் என்று நவம்பரில் இறங்கிவந்தார்கள். மோசடி ஆப்பில் பென்ஷன் பணத்தை இழந்த பெரியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். பூட்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் பூட்டும் அவன் கையில், சாவியும் அவன் கையில், வாடகை மட்டும் நாம் என்றால் அது யார் வீடு?

நீங்கள் என்ன செய்யலாம்? பலகை வந்தால் பதறி மூடவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்கினீர்களா என்று முதலில் பாருங்கள். தேடலில் மேலே வருகிற விளம்பரத் தளம் வேறு, அசல் வேறு. இறக்கின ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுங்கள், பல டஜன் ஆன்டிவைரஸ்கள் ஒரே சமயத்தில் பார்த்துச் சொல்லும். அறுபதுக்கு மேல் பார்த்ததில் ஒன்றிரண்டு மட்டும், அதுவும் பெயர் தெரியாதவை, 'சந்தேகம்' என்றால் பொறுத்திருந்து விசாரிக்கலாம். பத்துப் பதினைந்து கத்தினால் அழித்துவிடுங்கள். (சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றாதீர்கள், அவை பிறர் பார்வைக்கும் போகும்.) செய்தவர் தன் தளத்தில் 64 எழுத்தில் ஒரு கைரேகை மாதிரி போட்டிருந்தால், ஷா-256 என்பார்கள், விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து உங்கள் ஃபைலின் கைரேகையை எடுத்து ஒப்பிடலாம். ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு ஃபைல். செய்தவர் போடவில்லையா? ஒரு மெயில் தட்டிக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் போடுவார்.

போன வாரம் பத்திரிகைக்குப் பாக்கிக் காசு கொடுக்க மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றார் கடைக்காரர். என்னங்க ஆச்சு என்றேன்.

"அதுங்ணா, ஃபைல் எதுவுமே திறக்க மாட்டேங்குது. எல்லாப் பேருக்கும் பின்னாடி என்னமோ நாலு எழுத்து சேந்துக்கிச்சு. காசு அனுப்புன்னு இங்கிலீஷ்ல எழுதி வருது. ஆயிரத்தி இருநூறு டிசைன் இருந்துச்சுங்க."

"பேக்கப்?"

"அந்தப் பென் டிரைவ்லதானுங்க இருந்துச்சு. அதுவுமே போச்சு." கல்லாவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தத் தமிழ் சாஃப்ட்வேர் வேலைதான்னு பையன் சொல்றான். இலவசமாக் குடுத்தா இப்படித்தாங்ணா."

ஆபரேட்டர் பெண் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கை பாட்டுக்கு ஒரு பில் புத்தகத்தில் மை தீர்ந்த பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தது.